யாரும் படிப்பிக்கலாம் என்று நாம் நினைக்கும் பாடம்





உயர்தரப் பெறுபேறு வந்து, தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானி வெளியானதும் பெற்றோர் எங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே விஷயம்தான். "சேர், மகளுக்கு ஆரம்பக் கல்வி கிடைக்குமா? இங்கிலீஷ் கிடைக்குமா? மெட்ஸ், சயன்ஸ் போடலாமா?" எல்லாம் கேட்டு முடிந்த பிறகு கடைசியில் ஒரு வசனம் வரும். "ஒன்றும் சரிவரல்லண்டா சோசலாவது போடுவம்."

இந்தப் பதிவு அந்த "சோசலாவது" என்ற சொல்லைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். பிள்ளைகளைப் படிப்பிக்கிற எல்லாரும் பொறுமையாக வாசியுங்கள்.

வரலாறு, புவியியல், குடியியல் படிப்பிக்கிற ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல வருவது இதுதான். நமது சமூகத்துக்கு இன்று நல்ல வைத்தியர்கள் தேவை, பொறியியலாளர்கள் தேவை. அதே அளவுக்கு, நன்றாகப் பயிற்றப்பட்ட சமூகக் கல்வி ஆசிரியர்களும் தேவை. ஆனால் அந்த வேலைக்கு நாம் ஆளைத் தெரிவு செய்யும் விதமும், பயிற்றும் விதமும், பயிற்றிய பிறகு பாடசாலையில் பாவிக்கும் விதமும் மூன்றுமே பிழையாக இருக்கின்றன. இதில் அரசாங்கம் செய்ய வேண்டியதும் உண்டு, ஊர் செய்ய வேண்டியதும் உண்டு. ஊர் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறோம்.

முதலில் இந்தப் பாடம் என்னவென்று பார்ப்போம்.

நமது உம்மா வாப்பாமார் பலர் படித்தது "சமூகக் கல்வி". 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு வரலாறு, புவியியல், குடியியல் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பிறகு அது "சமூகக் கல்வியும் வரலாறும்" என்று இருந்தது. 2007இல் தொடங்கிய பாடத்திட்ட மாற்றத்தில் மீண்டும் பிரிந்தது. இன்று வரலாறு தனிப்பாடம். தரம் 6 முதல் 11 வரை கட்டாயம். சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு ஆறாவது கட்டாயப் பாடம் அது. புவியியலும் குடியியலும் தரம் 9 வரை எல்லாருக்கும். அதன் பிறகு விரும்பியவர்களுக்கு.

அதாவது, வைத்தியராகப் போகிற பிள்ளையும், கடை வைக்கப் போகிற பிள்ளையும், கட்டாருக்குப் போகப் போகிற பிள்ளையும், உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கப் போகிற பிள்ளையும், எல்லாரும் 11 வயதிலிருந்து 16 வயது வரை இந்த வகுப்பில் உட்காருகிறார்கள். நாடு என்றால் என்ன, சட்டம் என்றால் என்ன, நாம் இங்கே எப்படி வந்தோம், பக்கத்து ஊர்க்காரன் யார் என்று பெரும்பாலான பிள்ளைகள் முறையாகக் கற்கும் ஒரே இடம் அதுதான். அதற்குப் பிறகு அவர்களுக்கு வாட்ஸ்அப்தான் ஆசிரியர்.

2025இல் வரலாறு கட்டாயப் பாடமாகத் தொடருமா என்று நாட்டில் பெரிய சர்ச்சை எழுந்தது. பாடம் இருக்க வேண்டுமா இல்லையா என்று எல்லாரும் பேசினார்கள். அதைப் படிப்பிப்பவர் யார், அவர் எப்படி உருவாகிறார் என்று பேசியவர்கள் குறைவு.

இந்தப் பாடத்துக்கு ஆசிரியராக வர இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொடங்கியவை இவை. இன்று நாடு முழுவதும் 19 உள்ளன. நமக்கு அருகில் அட்டாளைச்சேனை, அடுத்து மட்டக்களப்பு. உயர்தரப் பெறுபேற்றைக் கொண்டு தெரிவு, பிறகு நேர்முகத் தேர்வு. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப். முடிந்தால் தேசிய கற்பித்தல் டிப்ளோமா, அதன் பிறகு ஆசிரியர் சேவை.

இரண்டாவது, கெம்பஸ். பட்டம் முடித்து, போட்டிப் பரீட்சை எழுதி, மாகாணத்தில் நியமனம் பெறுவது. அப்படி வருபவர் அநேகமாக முதல் நாளே தரம் 10, 11 வகுப்புக்குள் நுழைகிறார். எப்படிப் படிப்பிப்பது என்ற படிப்பு, அதாவது பட்டப்பின் கல்வி டிப்ளோமா, வேலையில் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகுதான். ஒரு வைத்தியர் முதலில் வார்டில் நின்று மருந்து எழுதிவிட்டுப் பிறகு பயிற்சிக்குப் போனால் நாம் ஒப்புக்கொள்வோமா? பிள்ளைகள் விஷயத்தில் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டு வழியிலும் சிக்கல் பயிற்சிக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது.

நமது பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கலைப் பிரிவில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ், இஸ்லாம், இஸ்லாமிய நாகரிகம், புவியியல், அரசறிவியல், ஊடகம், அளவையியல். வரலாறு? விரல் விட்டு எண்ணலாம். "வரலாறு பெரிய பாடம், ஏ எடுக்கிறது கஷ்டம், இசட் ஸ்கோர் விழும்" என்று பிள்ளையைத் திருப்பிவிடுகிறார்கள். பாடசாலையில் அந்தப் பாடம் இல்லாததால் எடுக்க ஆளில்லை. எடுக்க ஆளில்லாததால் பாடம் தொடங்கவில்லை.

இதன் விளைவு என்ன? 16 வயதில் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் வரலாற்றுப் புத்தகத்தை மூடிய பிள்ளை, 23 வயதில் ஆசிரியராக வந்து அதே புத்தகத்தை மீண்டும் திறக்கிறது. இடையில் ஒரு கல்வெட்டைப் பற்றிப் படித்ததில்லை. மகாவம்சம் எப்போது, யாரால், எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்று ஆராய்ந்ததில்லை. பாடசாலையில் மூன்று தனித்தனிப் புத்தகங்கள், பயிற்சியிலோ "சமூகக் கல்வி" என்ற ஒரே நெறி. உயர்தரத்தில் புவியியல் எடுத்தவருக்கு வரலாறு தெரியாது. அரசறிவியல் எடுத்தவருக்கு 1:50,000 இடவிளக்கப் படத்தில் சமவுயரக்கோடு பார்த்து எது மலை, எது பள்ளத்தாக்கு என்று சொல்லத் தெரியாது. இரண்டு வருடத்துக்குள் உளவியல், கணிப்பீடு, மொழி, ஆங்கிலம், கற்பித்தற் பயிற்சி எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். கல்லூரி விரிவுரையாளர்கள் எவ்வளவு முயன்றாலும் அது போதாது.

அடுத்தது, பாடசாலையில் நடப்பது.

வருடத் தொடக்கத்தில் நேரசூசி போடும்போது முதலில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ஆள் பார்ப்பார்கள். பிறகு யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவருக்கு வரலாறு. சங்கீதம் படித்தவருக்கும் வரலாறு, விவசாயம் படித்தவருக்கும் குடியியல். "புத்தகத்தில இருக்கிறதுதானே, வாசிச்சு நோட்ஸ் குடுங்க" என்பார்கள். அந்த ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. கொடுத்த வேலையைச் செய்கிறார்கள். ஆனால் அதே அதிபர் விஞ்ஞானப் பாடத்துக்கு "புத்தகத்தில் இருக்கிறதுதானே" என்று ஒருவரை அனுப்புவாரா?

பயிற்சிக்கு வரும் இன்டர்ன் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கட்டுறு பயிற்சி என்றால் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து, பாடக்குறிப்பைப் பார்த்து, வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்த பிறகு "இந்த இடத்தில் பிள்ளைக்கு விளங்கவில்லை, நாளைக்கு இப்படிச் செய்து பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு. லீவு எடுத்த டீச்சருக்கு ரிலீப், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டுதல், பதிவேடு எழுதுதல், பெற்றோர் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குதல். ஒரு வருடம் முடிந்ததும் கையெழுத்து. அந்தப் பிள்ளைக்கு அதுதான் வாழ்நாளில் யாரேனும் பக்கத்தில் இருந்து திருத்தக்கூடிய ஒரே வருடம். அதை நாம் இலவச ஆள் உதவியாகப் பார்க்கிறோம்.

இப்படி வந்தவர் வகுப்பில் என்ன செய்வார்? தனக்கு எப்படிப் படிப்பித்தார்களோ அப்படியே செய்வார். கரும்பலகையில் எழுதுவது, பிள்ளைகள் பார்த்து எழுதுவது, தரம் 11 வந்ததும் பாஸ் பேப்பர். முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினா; எந்த மன்னன் எந்தக் குளம், எந்த ஆண்டு எந்தச் சீர்திருத்தம். மனப்பாடம் செய்த பிள்ளை பாஸ். பரீட்சை முடிந்து மூன்று மாதத்தில் எல்லாம் மறந்தும் விடும்.

நல்ல பயிற்சி பெற்ற ஒருவர் இதே பாடத்தை எப்படி எடுப்பார் என்பதற்கு இரண்டு மூன்று உதாரணங்கள் சொல்கிறோம்.

தரம் 10 வரலாறு மூலாதாரங்களோடுதான் தொடங்குகிறது. காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல் இருக்கிறது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து வைத்தது. அதில் 1409ஆம் ஆண்டுத் திகதி இருக்கிறது. மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனாவரை நாயனாருக்கு. பாரசீகத்தில் முஸ்லிம்களை நோக்கிய பகுதி. இந்தக் கல்லின் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "சீனாவிலிருந்து வந்த ஒருவர் ஏன் இந்த மூன்று மொழிகளைத் தெரிந்தெடுத்தார்? அப்படியானால் அந்தக் காலத்தில் இந்தக் கரையில் யார் யார் வியாபாரம் செய்திருப்பார்கள்?" என்று கேட்டால் போதும். 40 நிமிடம் போதாது. பிள்ளை தானாகவே ஒரு முடிவுக்கு வரும். அந்த முடிவுக்கு ஆதாரம் என்ன என்றும் சொல்லும்.

நமது ஊர் பற்றி வீடுகளில் ஒரு வரியில் சொல்வார்கள். போர்த்துக்கேயர் 1626இல் விரட்டினார்கள், செனரத் மன்னன் கிழக்கில் குடியேற்றினான் என்று. நல்ல ஆசிரியர் அங்கே நிற்க மாட்டார். இதை எந்த மூலாதாரம் சொல்கிறது? அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்களா? எதை வைத்துச் சொல்லலாம்? அக்கரைப்பற்றுப் பக்கம் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் தாய்வழியாகப் போகிற குடிமுறை இருக்கிறதே, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இரண்டு பக்கமும் இருக்கிறதே, அது எதைக் காட்டுகிறது? வீட்டில் மூத்தம்மாவிடம் "நாம் எந்தக் குடி?" என்று கேட்டு வரச் சொன்னால் அதுவே ஒரு வரலாற்று வேலை.

புவியியலுக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர்தான் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்கு வருகிறது. தலைமடை எங்கே, கடைமடை எங்கே, தண்ணீர் குறைந்த போகத்தில் முதலில் காய்வது யாருடைய வயல் என்று வாப்பாவிடம் கேட்டு ஒரு வரைபடம் கீறி வரலாம். ஒலுவிலில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் பிறகு கரை எப்படி அரித்தது என்று அங்கே பிறந்த பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். அலையும் மணலும் எப்படி நகர்கின்றன என்று படிப்பிக்க இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

குடியியலில் தகவல் அறியும் உரிமை பற்றி வரும்போது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் என்று எழுதிப்போட்டு விடுவோம். அதற்குப் பதிலாக வகுப்பே சேர்ந்து பிரதேச சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதிப் பார்க்கலாம். நமது வீதியில் வடிகான் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது? கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளை நாளைக்கு எந்த அரசியல்வாதியின் வீட்டு வாசலிலும் வரிசையில் நிற்காது.

இதெல்லாம் புதுமை ஒன்றுமில்லை. ஆசிரியர் வழிகாட்டி நூல்களே பிள்ளைகளைத் தேடச் சொல்லி, செயற்பாடு செய்யச் சொல்லித்தான் கேட்கின்றன. அதைச் செய்ய ஆசிரியருக்குப் பாட அறிவும் துணிவும் வேண்டும். பயிற்சி அந்த இரண்டையும் கொடுக்க வேண்டும்.

துணிவு என்று ஏன் சொன்னோம் என்றால், இந்தப் பாடத்தில் வகுப்பறைக்குள் நெருப்பும் வரும்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நமது பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார். "சேர், அவங்க ஏன் அப்படிச் செஞ்ச? நாங்க இந்த நாட்டு ஆக்கள் இல்லையா? பஸ்ஸில ஏன் எங்களை மட்டும் இறக்கிப் பார்க்கிறாங்க?" 2020இல் ஜனாஸாக்களை எரித்த காலத்தில் மீண்டும் அதே கேள்விகள், இன்னும் அதிக வலியோடு. கணித ஆசிரியரிடம் இதைப் பிள்ளை கேட்காது. வரலாறும் குடியியலும் எடுப்பவரிடம்தான் கேட்கும். அந்த நேரம் "சிலபஸில் இல்லை, பேசாம எழுதுங்க" என்று சொன்னால் பிள்ளை பதிலைத் தேடி வேறு இடம் போகும். எந்த இடத்துக்குப் போகும் என்பது நமக்குத் தெரியும். அதன் விலையும் 2019இல் தெரிந்தது.

இதைவிடக் கஷ்டமான ஒன்றும் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நமது மக்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரில். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுதாக வெளியேற்றப்பட்டார்கள். இவை நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதே 1990 ஆகஸ்டில் வீரமுனையில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதுவும் நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். வீரமுனை சம்மாந்துறைக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே ஒரு தமிழ் ஆசிரியர் தன் வகுப்பில் காத்தான்குடியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம் என்றால், நமது வகுப்பில் வீரமுனையைப் பற்றிச் சொல்ல நமது ஆசிரியருக்கும் நெஞ்சுரம் வேண்டும். நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கு எதிராக இருந்தாலும் சரி என்பதுதானே நமது மார்க்கம் படிப்பித்தது.

இதை எப்படிச் சொல்வது? எந்த வயதில் எவ்வளவு சொல்வது? அந்தக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் என்ன செய்வது? ஒரு பிள்ளை கோபத்தில் எழுந்து கத்தினால் எப்படிக் கையாள்வது? இவையெல்லாம் பயிற்சியில் பழக வேண்டியவை. புத்தகத்தை வாசித்து வருகிற திறமை இல்லை இது. இன்று இவற்றைப் பெரும்பாலான ஆசிரியர்கள் தனியாக, பயந்து பயந்து கற்றுக்கொள்கிறார்கள். அல்லது தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி, நாம் இதைச் சொல்லும்போது வழமையாக வரும் மறுப்புகள்.

"பாடநூலிலேயே நமது வரலாறு குறைவாகத்தானே இருக்கிறது, ஆசிரியர் என்ன செய்யலாம்?" உண்மைதான், குறைவு. கேட்டுப் பெற வேண்டியது நமது உரிமை. ஆனால் இருப்பதையே நாம் படிப்பிக்கிறோமா? மறுமலர்ச்சி இயக்கப் பாடத்தில் சித்திலெப்பை பற்றி வருகிறது. பிறந்த ஆண்டு 1838, முஸ்லிம் நேசன் தொடங்கியது 1882 என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். கண்டியில் சட்டத்தரணியாக வசதியாக வாழ்ந்த ஒருவர் ஏன் பத்திரிகை நடத்தி, பாடசாலைகள் தொடங்கி, பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சொல்லிச் சமூகத்தோடு போராடினார்? எகிப்திலிருந்து 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா அவரோடு எப்படிச் சேர்ந்தார்? புத்தகத்தில் இரண்டு வரி இருந்தால் அதை இருபது நிமிடமாக்குவது ஆசிரியரின் கை. அதற்கு அவருக்கு முதலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"சோசல் படிச்சா டியூஷன் காசு வராது, மாப்பிள்ளை வீட்டில மதிப்பு இல்ல." இதற்கு நாங்கள் பொய் சொல்லி ஆறுதல் தர மாட்டோம். கணித ஆசிரியர் வகுப்பு நடத்தி உழைக்கிற காசு இதில் வராது. ஆனால் அரசாங்க ஆசிரியர் சேவையில் சம்பளம் பாடத்தைப் பார்த்துப் போடுவதில்லை. தரம், பதவி உயர்வு, அதிபர் சேவைக்கும் கல்வி நிர்வாக சேவைக்கும் போகும் வழி எல்லாருக்கும் ஒன்றுதான். மதிப்பு என்பது ஊர் கொடுப்பது. அதை நாளைக்கே மாற்றலாம், காசு செலவில்லை.

"இது கல்வி அமைச்சின் வேலை, ஊர் என்ன செய்ய?" அமைச்சின் வேலை நிறைய இருக்கிறது. டிப்ளோமாவைப் பட்டமாக உயர்த்துவது, மூன்று பாடங்களுக்கும் ஆழமான பாட அறிவு கொடுப்பது, பட்டதாரிகளுக்கு வகுப்புக்குள் நுழையும் முன்னரே பயிற்சி கொடுப்பது, தமிழ் மொழியில் நல்ல துணை நூல்கள் தருவது. இவற்றுக்காக ஆசிரியர் சங்கங்களும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களும் பேச வேண்டும். ஆனால் ஊர் செய்யக் கூடியதும் கொஞ்சமல்ல. நாங்கள் முன்வைப்பது இவை:

1. உயர்தரத்தில் வரலாறு எடுக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் தொடங்க முடியாவிட்டால், அருகருகே உள்ள இரண்டு மூன்று பாடசாலைகள் சேர்ந்து ஓர் இடத்தில் தொடங்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்க வேண்டும்.

2. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை சமூகக் கல்வியை விரும்பிக் கேட்டால், கடைசித் தெரிவாகத் தள்ளாதீர்கள். எந்தக் கல்லூரியில் எந்த நெறி, என்ன தகைமை என்பதை அந்தந்த வருட வர்த்தமானியில் பார்த்து நிரப்புங்கள். வெளி மாவட்டக் கல்லூரி கிடைத்தால், பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் கைவிட வேண்டாம். விடுதி ஒழுங்குகளை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே படித்தவர்களிடம் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

3. அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். வரலாற்றையும் புவியியலையும் குடியியலையும் அந்தத் துறையில் பயிற்றப்பட்டவருக்கே முதலில் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்றால் வலயத்திடம் எழுத்தில் கேளுங்கள். வெற்றிடம் தாளில் பதியாமல் ஆள் வராது.

4. இன்டர்ன் வந்தால், பாடசாலையில் உள்ள மூத்த ஆசிரியர் ஒருவரைப் பொறுப்பாகப் போடுங்கள். கிழமையில் இரண்டு பாடமாவது அவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ரிலீப்புக்கு அனுப்புவதற்கு ஓர் எல்லை வையுங்கள்.

5. ஊர் நூலகத்தில் ஓர் அலுமாரி ஒதுக்குங்கள். ஊர் வரலாறு, பள்ளிவாசல் பழைய பதிவுகளின் பிரதிகள், பழைய புகைப்படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், சுனாமிக் காலப் பத்திரிகைகள், மருதமுனை நெசவாளர்களின் கதைகள். பயிற்சி ஆசிரியர்கள் வந்து பாடம் தயாரிக்க இது உதவும். வயதானவர்கள் இருக்கும்போதே அவர்களின் குரலைப் பதிவு செய்வது இளைஞர் கழகங்கள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

6. பக்கத்துத் தமிழ் ஊர் ஆசிரியர்களோடும், அம்பாறை சிங்களப் பாடசாலை ஆசிரியர்களோடும் நமது வரலாற்று ஆசிரியர்கள் வருடத்தில் இரண்டு தடவையாவது ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாடத்தைத் தயாரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆசிரிய ஆலோசகர்கள் முன்வந்தால் நாங்கள் இடமும் சாப்பாடும் ஒழுங்கு செய்து தரத் தயார்.

இப்போது பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு சொல். உங்களுக்குக் கிடைத்திருப்பது மிச்சம் கிடந்த பாடம் இல்லை. கல்லூரியில் கொடுக்கிற டியூட்டோடு நிற்காதீர்கள். மூன்று பாடங்களில் எது உங்களுக்குப் பலவீனமோ அதைத் தேடிப் படியுங்கள். சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள், பக்கத்து வகுப்பறையில் அதே பாடம் எப்படிச் சொல்லப்படுகிறது என்று தெரியாமல் நல்ல வரலாற்று ஆசிரியராக முடியாது. முதல் நாள் வகுப்பில் ஒரு பிள்ளை உங்களுக்குத் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்கும். "தெரியாது, நாளைக்குத் தேடிக்கொண்டு வருகிறேன், நீயும் தேடி வா" என்று சொல்லிப் பழகுங்கள். உங்கள் மரியாதை அதனால் குறையாது.

பெற்றோரிடம் கடைசியாக ஒன்று கேட்கிறோம். இந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்தில் கணிதப் புள்ளியையும் விஞ்ஞானப் புள்ளியையும் பார்த்து முடிந்ததும், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கட பிள்ளைக்கு வரலாறு யார் படிப்பிக்கிற? அவர் அந்தப் பாடத்துக்குப் பயிற்றப்பட்டவரா?" ஊரில் ஐம்பது பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டால், அடுத்த வருடத் தொடக்கத்தில் நேரசூசி வேறு மாதிரி வரும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், பேசுவோம். இந்த வருடம் சமூகக் கல்விக்கு விண்ணப்பிக்க நினைக்கிற பிள்ளைகள் இருந்தால் எங்களைத் தொடர்புகொள்ளட்டும். விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது வரை எங்களால் முடிந்த உதவியைச் செய்கிறோம்.

வஸ்ஸலாம்.